டிஃப் லாக்கை எப்போது போட வேண்டும்?

லாடா நிவா 1977-இல் சோவியத் ரஷ்யாவில் வெளிவந்த சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி. உள்ளே உட்கார்ந்தால் கியர் ராடு போக இன்னும் இரண்டு குட்டி லிவர்கள் கண்ணில் படும். ஒன்று லோ கியருக்கு, இன்னொன்று, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட. இதுதான் டிஃப் லாக். முதலாவது எதற்கென்று ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தாலே புரிந்துவிடும். இரண்டாவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நிவாவில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதுமே இழுவை போகிறது. ஆனால் திருப்பத்தில் நான்கும் ஒரே தூரம் ஓடுவதில்லை. முன் சக்கரங்கள் அகலச் சுற்றிவர, பின் சக்கரங்கள் உள்வாங்கிக் குறுக்கே போகும். ஈர மணலில் வண்டியை ஒடித்துத் திருப்பி, இறங்கித் தடத்தைப் பார்த்தால் தெரியும். கணக்கே போட்டுவிடலாம். நிவாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.2 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் அடித்தால் 31.4 மீட்டர் ஓடும். அதே நேரத்தில் முன் அச்சின் நடுப்புள்ளி 34.3 மீட்டர் ஓடியாக வேண்டும். சக்கரத்தின் சுற்றளவோ 2 மீட்டர் சொச்சம். ஆக, ஒரே வட்டத்துக்குள் முன் சக்கரங்கள் சராசரியாக ஒன்றேகால் சுற்றுக்கு மேல் கூடுதலாக உருள வேண்டும்.

இந்தக் கூடுதலைச் சமாளிக்கத்தான் நடு டிஃபரன்ஷியல். முறுக்கு விசையை முன்னுக்கும் பின்னுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வேகத்தை அதது வசதிக்கு விட்டுவிடும். வில்லங்கமும் அந்தச் சமத்தில்தான். ஒரு முன் சக்கரம் சேற்றில் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுழற்றப் பெரிய விசை வேண்டாம். முன்னுக்கு எவ்வளவு குறைவோ பின்னுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். மூன்று சக்கரங்கள் கெட்டித் தரையில் சும்மா நிற்க, ஒன்று மட்டும் சேற்றை வாரியடித்தபடி சுற்றும். வண்டி அசையாது.

லாக் போட்டால், அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பிணைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே வேகம். முன்னால் வழுக்கினாலும் பின்னால் தள்ளும். ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கினால் இந்த லாக் உதவாது. அதற்கு இடது, வலது சக்கரங்களைப் பிணைக்கும் லாக் அச்சிலேயே வேண்டும்.

சரி, அந்த ஒன்றேகால் சுற்று இப்போது எங்கே போகும்? சேறு, மணல், பனி, சரளை என்றால் டயர் கொஞ்சம் சறுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் லேசில் சறுக்காது. ஷாஃப்ட் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும், கடைசியில் எது பலவீனமோ அது உடையும். அதனால் சாலை மோசமா என்பதைவிட, தரை விட்டுக்கொடுக்குமா என்று பார்ப்பதுதான் சரி. குண்டும் குழியுமான தார் ரோட்டுக்கு லாக் வேண்டாம். சாதாரண மழை ஈரத்துக்கும் தேவையில்லை. சரளை உதிரும் செங்குத்து இறக்கத்தில் போடலாம். ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும் எஞ்சின் பிரேக்கிங், ஒரு அச்சில் சக்கரம் வழுக்கினாலும் மற்ற அச்சுக்குப் போகும்.

போடுவதைச் சேற்றுக்குள் இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால், வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பற்கள் மோதித் தேயும். எடுக்கும்போது வேறொரு வேடிக்கை: லிவரைத் தள்ளிய பிறகும் டேஷ்போர்டு விளக்கு அணையாமல் இருக்கும். முறுக்கேறிய ஷாஃப்ட் பற்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் லாக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் மறுபக்கச் சக்கரம் உருண்டு வண்டி நகரலாம். லாக் போட்டிருந்தால் முன் அச்சும் அதே பிடியில் நிற்கும்.

மஹிந்திரா தார், சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்கள், ‘எங்கள் வண்டியில் இந்த லிவரே இல்லையே’ என்பார்கள். லாக் மட்டுமல்ல, நடு டிஃபரன்ஷியலே அவற்றில் கிடையாது. ஃபோர் வீல் போட்டாலே லாக் போட்ட நிவா மாதிரிதான். மழை நின்று ரோடு காய்ந்த பிறகு, பார்க்கிங்கில் திருப்பும்போது வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தத்தித் தத்திப் போனால், முதலில் லிவர் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.