மிளகாய் மூட்டைக்குப் பாசி முத்திரை

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, வேறு ஊர் குண்டு மிளகாயை மூட்டை கட்டி இதே பெயரை அச்சடித்தால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? லேபிளை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கலந்தால்தான் உண்டு. அந்தச் சரக்கை, மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்தே செய்யலாம்.

கார்பன் புள்ளிகள் என்பார்கள். 10 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள், 2004-ல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாக அகப்பட்டவை. கஞ்சிப்பாசியை உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரும் கொஞ்சம் யூரியாவும் சேர்த்து, உள்ளே டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலனில் இறுக மூடி 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைக்க வேண்டும். ஆவி வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறும். பாசியின் சர்க்கரைச் சங்கிலிகள் உடைந்து, நீரை இழந்து, கருகி, துகள்களாகத் திரளும். யூரியாவில் உள்ள நைட்ரஜன் ஒளியைக் கூட்டித் தரும். (வீட்டு குக்கரில் முயல வேண்டாம், அது அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது.) கசடை வடிகட்டினால் பழுப்புத் தண்ணீர் மிஞ்சும். அதன்மேல் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்தால் நீலமாக ஒளிரும்: எலக்ட்ரான் மேலே தாவி, கொஞ்சம் ஆற்றலைச் சூடாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக விட்டுக் கீழே இறங்குகிறது.

ஆனால் நீல ஒளியை மட்டும் நம்பினால் ஏமாந்தோம். சலவைத்தூளில் வெளுப்புக்காகச் சேர்க்கிற பொருளும் அதே டார்ச்சில் நீலமாகத்தான் மின்னும், போலிக்காரனுக்கு அது போதும். தவிர, துகள்களை அப்படியே காயவிட்டால் நெருங்கி ஒட்டிக்கொண்டு, ஆற்றலைத் தங்களுக்குள் கைமாற்றி வீணாக்கி மங்கிவிடும். அதனால் பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கின் படலத்துக்குள் இடைவெளி விட்டுப் பரப்புகிறார்கள். இதில்தான் விசேஷம். படலம் துகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால், டார்ச்சை அணைத்த பிறகும் சற்று நேரம் ஒளி தங்கும், இதுதான் பின்னொளி. சலவைத்தூள் அணைத்ததுமே இருண்டுவிடும். ஆக, சோதிக்க வேண்டியது அணைத்த பிறகு நடப்பதை.

நம் கரையில் இதற்கு எதிரி கடல்காற்று. அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்தால் பின்னொளி போய்விடும், மேலே ஈரம் புகாத பூச்சு கட்டாயம். இட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் உலோகங்கள் கலந்த படிகத் துகள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும் அவற்றைப் போலி செய்வதும் கடினம். மருந்துப் பெட்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும், மிளகாய் மூட்டைக்குப் பாசியே போதும் என்பேன், அதுவும் லேபிளில் மட்டும், மிளகாயில் அல்ல.