இறாலை எடுத்துவிட்டால் போதுமா?

வெண்ணெயும் காளானும் சேர்த்த இறால் எங்கள் உணவகத்தில் நிறையப் பேர் கேட்டு வாங்கும் ஐட்டம். அதன் ருசி முழுக்க சாஸில் இருக்கிறது. அந்த சாஸோ, இறாலை உரித்தபின் மிஞ்சும் தலையிலும் ஓட்டிலும் தொடங்குகிறது.

காசிமேட்டிலிருந்து வரும் இறாலைக் காலையிலேயே உரித்து, முதுகில் ஓடும் கருப்புக் குடலை எடுத்துவிடுவோம். தலையையும் ஓட்டையும் நன்றாகக் கழுவி, அடிகனமான பாத்திரத்தில் உப்பில்லா வெண்ணெய் உருகியதும் போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் வதக்க வேண்டும். கரண்டியால் தலைகளை அழுத்தி நசுக்க நசுக்க வெண்ணெய் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். அப்புறம் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுவோம். இன்னொரு பக்கம் மொட்டுக் காளானை எண்ணெய்கூட இல்லாமல் சூடான கடாயில் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும் வரை காத்திருக்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, வடிகட்டிய சாறு, கடைசியில் கொஞ்சம் கிரீம். பரிமாறும் நேரத்தில்தான் உரித்த இறால் அந்த சாஸில் விழும். இரண்டு மூன்று நிமிடத்தில் பிறை மாதிரி வளைந்ததும் இறக்கிவிட வேண்டும். வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தோடு வந்த ஒரு பெண் இதே சாஸில் இறாலுக்குப் பதிலாகச் சிக்கன் கேட்டார். ஆர்டர் சீட்டில் 'நோ பிரான், சிக்கன்' என்று எழுதி வந்தது. கடாயைக் கழுவி, சிக்கனை வதக்கி, காலையில் செய்து வைத்திருந்த சாஸை ஊற்றி அனுப்பினார்கள். தட்டில் ஓர் இறால்கூட இல்லை. நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். உதடு தடித்து, கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு வந்து, குரல் கம்மத் தொடங்கியது. நான் வெளியே ஓடி வந்தபோது அவருடைய அப்பா அவரை எழுப்பி வாஷ்பேசினுக்கு நடத்திக்கொண்டு போக முயன்றுகொண்டிருந்தார். மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்று இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

அந்த சாஸைக் காலையில் செய்தவன் நான். மறுநாள் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னார்: "இறால் ஒத்துக்காது, சாப்பிட்டா உதடு வீங்கிடும்னு ஆர்டர் எடுத்தவர்கிட்ட தெளிவா சொன்னேன் சார்." அவர் சொன்னது உண்மை. மேசையிலிருந்து அடுப்புக்கு வருவதற்குள் அது 'இறால் வேண்டாம்' என்று சுருங்கிவிட்டது.

நம் மொழியில் 'ஒத்துக்காது' என்ற சொல்லுக்குள் பல விஷயங்கள் அடங்கிவிடுகின்றன. வயிறு உப்பினாலும் ஒத்துக்காது, உடம்புக்குச் சூடு என்றாலும் ஒத்துக்காது, மூச்சுக்குழல் அடைத்தாலும் ஒத்துக்காது. கேட்பவர் இலேசான அர்த்தத்தையே எடுத்துக்கொள்வார். இப்போது ஆர்டர் எடுக்கும் எங்கள் கேப்டன்கள் எல்லோரும் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "சாப்பிட்டா என்ன ஆகும்?" அரிப்பு, தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று எதைச் சொன்னாலும் சீட்டு எழுதுவதோடு நிற்காமல் கேப்டனே கிச்சனுக்குள் வந்து என்னிடம் சொல்ல வேண்டும்.

"நல்லா வெந்துபோச்சு, ஒண்ணும் செய்யாது" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், எங்கள் துறையிலும் சொல்கிறார்கள். இறால் ஓடு சூட்டில் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்டாசாந்தின் என்ற நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் சூட்டில் குலைகிறது. அதனால்தான் சாம்பல் நிற ஓடு சிவக்கிறது. அந்த நிறமி கொழுப்பில் கரையும் என்பதால் வெண்ணெயும் ஆரஞ்சாகிறது. கண்ணெதிரே இத்தனை மாற்றம் நடப்பதால் எல்லாமே மாறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணமான ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம் கொதிநிலையையும் தாங்கும். தலையிலும் ஓட்டிலும் ஒட்டியிருக்கும் சதையிலிருந்து அது வேகும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ருசி இறங்க வேண்டும் என்று நான் இருபது நிமிடம் கொதிக்கவைத்த சாற்றில் அதுவும் இறங்கியிருந்தது. தட்டிலிருந்து இறாலைப் பொறுக்கி எடுப்பதால் சாஸிலிருந்து அது போவதில்லை.

நண்டிலும் சிங்கி இறாலிலும் இதே வகைப் புரதம் உண்டு என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றவையும் பெரும்பாலும் ஆபத்து. மீன் அலர்ஜி வேறு. அதற்கு முக்கியக் காரணம் பார்வால்புமின் என்ற வேறொரு புரதம். இறால் ஆகாதவர்களில் பலர் மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எண்ணெய்ச் சட்டி ஒன்றாக இருந்தால் அந்த வேறுபாட்டுக்கு அர்த்தமில்லை. காலையில் இறால் பொரித்த எண்ணெயில் மாலையில் மீனும் உருளைக்கிழங்கும் விழும் கடைகள் ஏராளம்.

"சின்ன வயசுலேர்ந்து சாப்பிடுறேனே" என்பதும் காப்பாற்றாது. இறால் அலர்ஜி பெரியவர்களான பிறகு தொடங்குவது மிகச் சாதாரணம், வந்தால் எளிதில் போவதுமில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி பல வருடம் இறால் உரித்தவர். முதலில் விரலிடுக்கில் அரிப்பு, பிறகு ஓடு கொதிக்கும் ஆவி பட்டாலே இருமல், இளைப்பு. கொதிக்கும் ஆவியோடு புரதமும் காற்றில் வரும் என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். இப்போது அவர் பேக்கரிப் பிரிவில் இருக்கிறார்.

வீடுகளில் இறால் மறைந்திருக்கும் இடம் வெண்ணெய் சாஸ் மட்டுமில்லை. கத்தரிக்காய்க் குழம்பில் போடும் சென்னாக்கூனி என்ற காய்ந்த பொடி இறால், சட்னிக்கு வறுத்து அரைக்கும் கூனிப் பொடி, கருவாட்டோடு கலந்து வரும் பொடி இறால், தாய்லாந்து சமையல் பேஸ்ட்கள், சில சில்லி எண்ணெய் பாட்டில்கள் என்று பட்டியல் நீளும். பொட்டலத்தில் வருபவற்றின் லேபிளில் இறால், நண்டு போன்ற ஓட்டுடலி வகை சேர்ந்திருந்தால் அலர்ஜி எச்சரிக்கையில் அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தளர்வாக விற்கும் பொடிக்கு லேபிளே கிடையாது, அதை விட்டுவிடுவது நல்லது.

ஒருவேளை நடந்துவிட்டால்? அந்த இரவுக்குப் பிறகு மருத்துவர் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ உடனே 108. ஆளை நடக்கவிடக் கூடாது. எழுந்து நின்ற நொடியில் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போனவர்கள் உண்டு. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரவையுங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. அதற்கு அட்ரினலின்தான், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒருமுறை இப்படி வந்தவர்கள் அலர்ஜி மருத்துவரைப் பார்த்து, அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொள்வது பற்றிக் கேளுங்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

எங்கள் கிச்சனில் அலர்ஜி என்று வந்தால் தனிக் கடாய், தனிப் பலகை, புதிதாகப் பிரித்த வெண்ணெய். கூட்ட நேரத்தில் அது முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறோம். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. பரவாயில்லை.

அந்த சாஸை ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கு இப்போது ஓடு சேர்க்காமலே ஒன்று செய்கிறேன். காளான் காம்புகளை எறியாமல் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் கருஞ்சிவப்பாகும் வரை வதக்கி, தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் சிறு தீயில் வைத்து வடிகட்டினால் கெட்டியான பழுப்புச் சாறு கிடைக்கும். சுவையைத் தூக்கிக்காட்டும் குளுட்டமேட் காளானிலேயே நிறைய இருக்கிறது. நாலு மிளகைத் தட்டிப்போட்டு, இறக்கும்போது ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெயைக் கலக்கினால் சாஸ் பளபளவென்று கூடி வரும். பால் ஆகாதவருக்கு இதுவும் கூடாது, அதையும் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.