வாத்துவாலைப் பார்த்து விலை பேசாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவதற்கு முன் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரைப் பார்க்க அழைத்தால், விற்பவர் என்னை முதலில் கூட்டிப்போவது காரின் பின்பக்கத்துக்குத்தான். என்ஜின் மூடியில் மேல்நோக்கி நிமிர்ந்த காற்றுத்தடுப்பான அந்த வாத்துவாலைக் காட்டுவார். நானோ கதவைத் திறந்து, உள்ளே எதெல்லாம் இல்லை என்று பார்ப்பேன்.

இந்தக் கார் பந்தயத்துக்கான அனுமதிச் சீட்டாகப் பிறந்தது. சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட குரூப் 4 என்ற பந்தயப் பிரிவில் இறங்க, சாலையில் ஓடும் அதே மாதிரிக் கார்களை 500 என்ற எண்ணிக்கையில் தயாரித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகம் செய்தார்கள். ஐந்நூறு விற்குமா என்று விற்பனைப் பிரிவுக்கே ஐயம். நவம்பர் முடிவதற்குள் அத்தனையும் விற்றன. 1973 ஜூலைக்குள் எண்ணிக்கை 1,580 ஆனது.

அன்றைய விலை 34,000 ஜெர்மன் மார்க். மேலும் 700 மார்க் கொடுத்தால் பின் இருக்கை, தரைவிரிப்பு, கடிகாரம், சட்டை மாட்டும் கொக்கி, கைதாங்கி எல்லாம் கழற்றப்படும். முன் மூடியில் உலோக முத்திரைக்குப் பதில் ஒட்டுப்படம். பணம் கொடுத்து வசதியை இழந்தவர்கள் 200 பேர்தான். அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 960 கிலோ எடையுள்ள கார். 2,500 மார்க் கூடுதலாகக் கொடுத்து வசதிகளோடு வாங்கிய டூரிங் வகையின் எடை 1,075 கிலோ. இன்று இந்த வேறுபாட்டில்தான் பெரும்பணம் புரள்கிறது, ஏமாற்றும் அங்கேதான் நுழைகிறது.

வாத்துவாலைச் சாதாரண 911இல் ஒரே பகலில் பொருத்திவிடலாம். பக்கவாட்டில் 'கரேரா' என்ற எழுத்துகளை ஒட்ட ஒரு மணி நேரம் போதும். ஆகவே காரின் உடற்கூட்டில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு காரின் எண்ணை வெட்டி ஒட்டியிருக்கலாம் என்பதால், எண்ணைச் சுற்றியுள்ள தகட்டில் வெல்டிங் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

எண்கள் சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. இலகுரக வகை என்று விலை பேசப்பட்ட ஒரு காரை எடைமேடையில் ஏற்றச் சொன்னேன். ஆயிரம் கிலோவைத் தாண்டி நின்றது. எண்களில் குற்றமில்லை. ஆனால் எப்போதோ பழுதுபார்த்தவர் துருப்பிடித்த மெல்லிய தகடுகளை வெட்டிவிட்டுத் தடித்த தகட்டை வைத்திருந்தார். சத்தம் அடக்கத் தார்ப்பாளங்களை ஒட்டி, பின் இருக்கையையும் சேர்த்திருந்தார். அன்போடு செய்த வேலைதான். ஆனால் அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அது அதில் இல்லாமல் போயிருந்தது. இந்த வகையில் எடையைக் குறைக்கத் தகட்டையும் கண்ணாடியையும் கூட மெலிதாக்கினார்கள். மெல்லிய தகட்டைத் துரு விரைவில் தின்றுவிடும். அதனால் கதவடிப் படியின் உட்புறத்தையும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் காரைத் தூக்கி நிறுத்திப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வாங்கிய பிறகு ஓட்டுவது தனிக் கவலை. 210 குதிரைத்திறன், என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால், வழுக்கினால் தாங்கிப்பிடிக்க எந்த மின்னணு உதவியும் கிடையாது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரங்கள் பிடிமானம் இழந்து, வால் சுழன்றுவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். காலைப் படிப்படியாக எடுங்கள். அனுபவசாலிகளே இதில் தவறியதைப் பார்த்திருக்கிறேன்.

டயரையும் கவனியுங்கள். அதிகம் ஓடாத கார் என்பதால் பள்ளங்கள் புதிதுபோல் இருக்கும், ரப்பரோ இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டிலுள்ள தயாரிப்புத் தேதிக் குறியில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதோடு வரும் காரை நான் சோதனை ஓட்டத்துக்கே எடுப்பதில்லை.