உயிரோடு இருந்தால்தான் ஒளிரும்

காசநோய் என்று சந்தேகம் வந்தால் இன்றும் பல ஆய்வகங்களில் செய்வது சளிப் பரிசோதனைதான். கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சூடு காட்டி, அப்புறம் அமிலம் விட்டுக் கழுவுவார்கள். மற்ற கிருமிகள் பெரும்பாலும் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. மெழுகு போன்ற அதன் உறைதான் காரணம். சீல், நீல்சன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1880-களில் உருவாக்கிய முறை இது.

இதில் ஒரு பெரிய குறை உண்டு: செத்த கிருமியும் சிவக்கும். மருந்து சாப்பிட்டு வரும் நோயாளியின் சளியில் சிவப்புக் குச்சிகள் தெரிகின்றன என்றால், மருந்து கேட்கவில்லையா, இல்லை செத்த கிருமிகள்தான் வெளியேறுகின்றனவா? சாயத்தை வைத்துச் சொல்ல முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் அது ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விடை வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி சர்க்கரை வேதியியலிலிருந்து வந்தது. பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் விதவிதமான சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றில் பல நம் உடலில் கிடையவே கிடையாது. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி, சூடோஅமினிக் அமிலம் என்ற சர்க்கரையைத் தன் நீந்தும் இழைகளில் ஒட்டி வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தக் கிருமியால் நீந்தவே முடியாது.

ஆனால் சர்க்கரையை அடையாளம் காட்டுவது கடினம். ஒரு புரதத்தைப் பின்தொடர அதன் மரபணுவோடு ஒளிரும் புரதத்தின் மரபணுவை இணைத்துவிட்டால் போதும். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி நேரடி மரபணு எதுவும் இல்லை. பல நொதிகள் ஆளுக்கொரு வேலையாகச் சேர்ந்து அதைக் கட்டுகின்றன. சரி, கட்டும்போதே உள்ளே புகுந்தால் என்ன? கொத்தனாரின் செங்கல் குவியலில் சிறு குறியிட்ட சில கற்களைக் கலந்துவிட்டால், அவர் கவனிக்காமல் அவற்றையும் சுவரில் வைத்துவிடுவார். அதுபோலத்தான் சர்க்கரையில் சின்ன மாற்றம் செய்து செல்லுக்குக் கொடுக்கிறார்கள்.

மாற்றம் பெரிதாக இருந்தால் நொதி ஏமாறாது. அதனால் தேர்ந்தெடுத்தது அசைடு: வரிசையாக மூன்று நைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். உயிர்ச் செல்களின் இயல்பான வேதியியலில் அதற்கு இடமில்லை என்பதால் அங்கிருக்கும் எதனோடும் அது பொதுவாக வினைபுரியாமல் சும்மா கிடக்கும். சுவரில் ஏறிய பிறகு, அதை மட்டும் தேடிப் பிணையும் ஒரு சாயத்தைச் சேர்க்க வேண்டும்.

சாயத்தில் ஆல்கைன், அதாவது மூன்றுமடிப் பிணைப்பால் சேர்ந்த இரண்டு கார்பன் அணுக்கள், இருந்தால் அது அசைடோடு பிணையும். இவ்விரண்டையும் செம்பை வைத்துச் சட்டென்று இணைக்கும் முறை 2002-இல் வந்தது. ஆனால் செம்பு செல்லுக்கு நஞ்சு. அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசியின் குழு 2004-இல் காட்டிய தீர்வு எனக்கு வேதியியலின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது. ஆல்கைனின் மூன்றுமடிப் பிணைப்பு இயல்பாக நேர்கோட்டில், 180 பாகையில் நிற்கும். அதை எட்டு கார்பன் கொண்ட சிறு வளையத்துக்குள் அடைத்தால் 160 பாகை அளவுக்கு வளைந்தாக வேண்டும். அந்த இறுக்கத்தை அவிழ்த்துக்கொள்ளும் துடிப்பே வினையை நடத்திவிடும், செம்பு வேண்டாம். 2022-இல் பெர்டோசிக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் இந்த வேலையும் இருக்கிறது.

காசநோய்க் கிருமியில் இதைவிட எளிய வழி அமைந்தது. அதன் வெளிச்சவ்வில் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நீளமான மைக்கோலிக் அமிலக் கொழுப்போடு பிணைந்து நிற்கிறது. இந்தச் சர்க்கரையை நம் உடல் தயாரிப்பதில்லை. பிணைக்கும் நொதிகள் கிருமியின் உள்ளே இல்லை, வெளிப்புறத்தில் வேலை செய்கின்றன. தவிர, அவை அவ்வளவு கறாரும் இல்லை. டிரெஹலோஸில் பெரிய சாயத்தையே ஒட்டிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கின்றன என்று 2011-இல் தெரியவந்தது. இரண்டு கட்ட வேலை ஒன்றாகச் சுருங்கியது.

2018-இல் பெர்டோசியின் ஆய்வகத்தில் மிரேய் கமரிசாவும் உடன் பணிபுரிந்தோரும் இன்னொரு படி போனார்கள். தண்ணீரில் கிட்டத்தட்ட இருட்டாகவும், கொழுப்புச் சூழலில் சுமார் 700 மடங்கு பிரகாசமாகவும் ஒளிரும் ஒரு சாயத்தை டிரெஹலோஸோடு சேர்த்தார்கள். வெளியே மிதக்கும் சாயம் ஒளிராது. கிருமி அதை எடுத்துத் தன் சவ்வில் பதித்தால்தான் ஒளி வரும். கழுவவே தேவையில்லை. வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளில் ஒளி இல்லை. மருந்து கொடுத்தவற்றில் ஒளி குறைந்தது. தென்னாப்பிரிக்க நோயாளிகளின் சளி மாதிரிகளிலும் கிருமிகள் தெரிந்தன. 2021-இல் இன்னும் பிரகாசமான சாயம் வந்து, காத்திருப்பு சில நிமிடங்களாகக் குறைந்தது.

இதை வைத்துக் காசநோய் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மைக்கோலிக் அமில உறை கொண்ட உறவுக்காரக் கிருமிகளும் ஒளிரும். அசைடு வைத்த சர்க்கரைகளிலும் சிக்கல் உண்டு: செல்லுக்குள் எளிதாக நுழைய அசிடைல் என்ற சிறு வேதித் தொகுதிகளைப் போர்த்திக் கொடுக்கும் சில சர்க்கரைகள், எந்த நொதியின் உதவியும் இல்லாமல் புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் தானாகவே ஒட்டிக்கொள்வதை 2018-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் இப்போது ஒரு பளிச்சென்ற படத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தச் சர்க்கரையைப் பதிக்கும் நொதியை நிறுத்தினால் ஒளியும் போகிறதா என்று காட்டுவதே சரியான சோதனை. நுரையீரலில் மெல்லத் தூங்கும் கிருமிகள் இன்னும் கடினம். அவை சுவர் வேலையை ஏறக்குறைய நிறுத்தி வைத்திருப்பதால், உயிரோடு இருந்தும் மங்கலாகவே தெரியும்.