பனியனும் பனிமலையும்

கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில், விடிகாலை மூன்றரை மணிக்கு, பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்தது. அடிவாரத்துப் பூண்டியில் இரவு கிளம்பும்போதே வேர்த்துக் கொட்டியது, ஆறு மலை ஏறும் வரைக்கும் வேர்வை நிற்கவில்லை, பைக்குள் இருந்த ஸ்வெட்டர் வெறும் சுமையாகத்தான் தெரிந்தது. மேலே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் நடுக்கம் பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டரை எடுத்து மாட்டியும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, உள்ள பனியன் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்குது, அதுக்கு மேல எதைப் போட்டு என்ன ஆவுது? மொதல்ல அதைக் கழட்டுங்க சாமி" என்றார். பனியனைக் கழற்றிவிட்டு வெறும் உடம்பில் ஸ்வெட்டரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது.

ஒரு துணியைக் குறைத்ததும் குளிர் குறைந்தது எப்படி? நான் திருப்பூர்க்காரன், பருத்தி நூலும் பனியன் துணியும் பார்த்தே வளர்ந்தவன். அதனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் டிசம்பர் லீவில் உத்தராகண்டுக்குப் போய், சுமார் 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தாவைப் பனியில் ஏறிவிட்டு வருகிறார்கள். போவதற்கு முன் என்ன வாங்குவது என்று கேட்கும்போதெல்லாம் நான் ஜெர்கினில் ஆரம்பிப்பதில்லை, உள்ளே போடும் பனியனில்தான் ஆரம்பிக்கிறேன்.

எந்தத் துணியும் சூட்டை உண்டாக்காது. அடுப்பு நம் உடம்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்குச் சூடு தருகிறது, பையைச் சுமந்து மேடு ஏறும்போது அது பல மடங்காகிவிடும். துணியின் வேலை அந்தச் சூடு வெளியே ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது, அதைக்கூட நூல் செய்வதில்லை, நூலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுதான் செய்கிறது. அசையாத காற்று சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீரோ காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆக, நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து நாம் வாங்குவது காற்றைத்தான். அது அசையாமல் இருக்க வேண்டும், நனையாமலும் இருக்க வேண்டும், இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் விற்பவர் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று நமக்கே தெரிந்துவிடும்.

சரி, பருத்திக்கு வருவோம். பருத்தி இழை செல்லுலோஸ். அதன் மூலக்கூறுகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். நூல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் சும்மா வைத்தாலே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் போல ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. வேர்வையில் நனைந்தால் பருத்தி இழை உப்பி, துவண்டு, தோலோடு ஒட்டிக்கொள்கிறது, காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீராகிவிடுகிறது. பாலியஸ்டரும் நனையத்தான் செய்யும், ஆனால் தண்ணீர் இழைக்குள் போகாமல் இழைகளுக்கு நடுவே பரவி வெளிப்பக்கம் போய் ஆவியாகிவிடும். சித்திரை வெயிலில் பருத்தி சுகமாக இருப்பதும் இதே குணத்தால்தான், ஈரத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால் உடம்பு குளிர்கிறது. குளிரான இடத்திலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது, நமக்குத்தான் அங்கே அது வேண்டியதில்லை.

எவ்வளவு குளிர்விக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோலின் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோ கலோரி வேண்டும். பனியனில் 100 மில்லி வேர்வை தங்கியிருந்தால் அது காய 58 கிலோ கலோரி, அதில் பெரும்பகுதி நம் உடம்பிலிருந்துதான் போகும். உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு மணி நேரத்துக்கு உண்டாக்குவது 75, 80 கிலோ கலோரி. அதாவது கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் உடம்பு உண்டாக்கும் சூடு ஒரு நனைந்த பனியனைக் காயவைக்கவே செலவாகிறது! ஏழாவது மலையில் நான் ஏன் நடுங்கினேன் என்பது இந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது.

கம்பளி இதில் தனி ரகம். அதே காற்றில் வைத்தால் பருத்தியைவிட அதிகமாக, தன் எடையில் 16 சதவீதம் போல ஈரத்தை உள்ளே எடுக்கும், ஆனால் இழையின் மேல்தோல் தண்ணீரை ஒட்டவிடாது, சுருள்சுருளாக இருப்பதால் நனைந்தாலும் துவண்டு விழாது, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு வைக்கும். ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டைக்கூட வெளிவிடுகிறது. நம் குரும்பை ஆட்டு மயிர் கம்பளி கரடுமுரடாகக் குத்தும், தோலை ஒட்டிப் போட முடியாது. கடையில் விற்கும் மெரினோ கம்பளி மெல்லிய இழை, அதனால் குத்தாது, விலைதான் கடிக்கும். அவ்வளவு முடியாதென்றால் கவலை வேண்டாம், திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸில் முழுக்கை பாலியஸ்டர் டீ-ஷர்ட் கிடைக்கும், 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பக்கத்தில், உடம்போடு ஒட்டி இருக்கிற அளவில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள் லேபிளில் காட்டன் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ஜட்டிக்கும் சாக்ஸுக்கும் இதே விதிதான், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் ஃப்ளீஸ். பாலியஸ்டர் துணியைச் சுரண்டி மயிர் எழுப்பியது, அந்த மயிருக்குள்தான் காற்று நிற்கிறது. 100, 200, 300 என்று விற்பது அதே ஜிஎஸ்எம் கணக்குதான், திருப்பூர் ஆளுக்கு விளக்கவே வேண்டாம். 200-ஐ எடுங்கள். நிற்கும்போது போட்டுக்கொள்ள வாத்து இறகு ஜெர்கின் ஒன்று. எடைக்கு எடை இதைவிடச் சூடு காப்பது வேறில்லை, ஆனால் நனைந்தால் இறகெல்லாம் கட்டிக்கொண்டு காற்றே இல்லாமல் போய்விடும். மழை வரலாம் என்றால் செயற்கைப் பஞ்சு அடைத்ததே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். சூட்டை அளக்கும் மானியில் 0 டிகிரிதான் என்றாலும், மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 போல இருக்கும், தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அது வாரிக்கொண்டு போய்விடுகிறது. ரெயின்கோட் போன்ற முழு பிளாஸ்டிக்கை வாங்கிவிடாதீர்கள், வெளியே மழையில் நனையாவிட்டாலும் உள்ளே வேர்வையில் நனைந்துவிடுவீர்கள். அக்குளில் ஜிப் வைத்துத் திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

இவ்வளவையும் வாங்கிவிட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே ஏறுகிறார்கள், அதுதான் பெரிய தப்பு. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடம் நடந்தால் உடம்பு தானாகச் சூடாகிவிடும். வேர்க்க ஆரம்பித்தால் உடனே நின்று ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் குளிர்வதற்கு முன்பே ஜெர்கினைப் போடுங்கள். கூட வருபவர்கள் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ராத்திரிக்கு வருவோம். கீழே பவானி ஜமக்காளத்தை விரித்து, மேலே சென்னிமலைப் போர்வை இரண்டைப் போர்த்திக்கொண்டால் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்குள் தூங்கிவிடலாம். மண்ணில் முடியாது. நம் எடை ஜமக்காளத்தை அமுக்கி அதிலிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் வெளியேற்றிவிடும், பிறகு முதுகும் தரையும் நேருக்கு நேர்தான். எவ்வளவு விலை கொடுத்த ஸ்லீப்பிங் பேக் ஆனாலும் அடிப்பக்கம் இப்படித்தான் அமுங்கிப்போகும். அதனால்தான் அமுங்காத பாய் தனியாக வேண்டும். பாயில் ஆர் வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், சூடு கீழே இறங்குவதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. சாதாரண ஃபோம் பாய் 2 பக்கம் இருக்கும், பனி மேல் படுக்க 5-ஆவது இருக்க வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், 2 உள்ள ஃபோமின் மேல் 3 உள்ள காற்றுப் பாயைப் போட்டால் 5. பணம் குறைவாக இருந்தால் ஸ்லீப்பிங் பேக்கில் குறைத்துக்கொண்டு பாயில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஸ்லீப்பிங் பேக் லேபிளில் பெரும்பாலும் மூன்று வெப்பநிலை இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். சூடேற்றிய மனித பொம்மையை உள்ளே வைத்து அளந்து கண்டுபிடிப்பது. எக்ஸ்ட்ரீம் என்றால் அந்தக் குளிரில் தூங்கலாம் என்று அர்த்தமில்லை, உயிர் தப்பலாம் என்றுதான் அர்த்தம். கடைக்காரர் மைனஸ் 15 என்றால் அது எந்த மைனஸ் 15 என்று கேளுங்கள். கேதார்காந்தாவில் டிசம்பர் இரவு மைனஸ் 10 வரைக்கும் சாதாரணமாக இறங்கும், கம்ஃபர்ட் எண் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டென்ட் எங்கே போடுவது என்பதை மார்கழிக் காலையில் நம் வாசலிலேயே படிக்கலாம். திறந்தவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்கும், வேப்பமரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருக்கும். தெளிந்த வானத்தின் கீழ் எந்தப் பொருளும் தன் சூட்டை மேலே வீசிக்கொண்டே இருக்கிறது, வானத்திலிருந்து திரும்பி வருவது குறைவு. மரக்கிளை இருந்தால் அது கொஞ்சம் திருப்பித் தரும். இப்படிக் குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழிந்து தேங்கும். ஊட்டியில் உறைபனி தலைகுந்தா மாதிரியான தாழ்வான இடங்களில் அதிகம் படிவது இதனால்தான். எனவே பள்ளத்தின் அடியில் வேண்டாம், சரிவில் கொஞ்சம் மேலே, காற்று மறைவில் போடுங்கள். காற்றுப்போகும் வழிகளை அடைக்காதீர்கள், ராத்திரி முழுக்க நாம் விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே படிந்து காலையில் சொட்டும். உள்ளே அடுப்போ கரியோ பற்றவைப்பது கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இன்னொன்று, நம் பக்கத்துக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் போட முடியாது, ஆசைப்பட்டு நுழைந்துவிடாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் டப்பா 0 டிகிரிக்குக் கீழே எரியாது, அதன் கொதிநிலையே மைனஸ் 0.5. புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் காலையில் மூடி அடைக்காது. பவர் பேங்க் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கட்டும். புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண்ணாடி இல்லாமல் போனால் கண் வெந்துவிடும். ஷூவை இறுக்கமாக வாங்காதீர்கள், இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டமும் குறையும், காற்றுக்கும் இடம் இருக்காது. கைக்கு, விரல் தனித்தனியாக இல்லாத உறைதான் சூடு. பூண்டியில் வாங்கும் மூங்கில் தடியை வீட்டு மூலையில் போட்டு வைத்திருப்பீர்கள், இறங்கும்போது முழங்காலுக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றும் வேலையை அது நன்றாகவே செய்யும். ரயிலில் கொண்டுபோவதுதான் கஷ்டம், அதற்காக மடக்கும் தடி வாங்கலாம்.

முதல் தடவை போகிறவர்கள் ஜெர்கின், ஸ்லீப்பிங் பேக், பனியில் வழுக்காமல் இருக்க ஷூவில் மாட்டும் முள் எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உள்ளாடை, சாக்ஸ், ஷூ மூன்றும் சொந்தமாக இருக்கட்டும், ஷூவை ஒரு மாதம் போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும்.

உள்ளே போடப்போகும் டீ-ஷர்ட்டைக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். சமையலறைத் தராசில் காய்ந்ததாக ஒரு முறை எடை போடுங்கள். தண்ணீரில் முக்கி, கையால் நன்றாகப் பிழிந்து, நிழலில் கொடியில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை போடுங்கள். கூடவே ஒரு பருத்திப் பனியனுக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு துணிக்கும் ஈர எடைக்கும் காய்ந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ அதை 0.58-ஆல் பெருக்கினால், அந்தத் துணி காய இன்னும் எத்தனை கிலோ கலோரி வேண்டும் என்பது வந்துவிடும்.