டயருக்குள் கிடக்கும் கருப்புப் பொடி

ராமநாதபுரத்தில் டயர் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. "ஓடிக்கிட்டு இருக்கும்போதே வெடிச்சிருச்சுண்ணே" என்று சொல்லிக் கொண்டுவரும் டயரை ரிம்மிலிருந்து கழற்றியதும் முதலில் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். பெரும்பாலும் கைநிறைய கருப்புப் பொடி வரும். அது அந்த டயரின் சொந்த ரப்பர். காற்று குறைந்த டயர் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதன் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் டயர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முறை சுற்றும். அத்தனை முறை மடங்கினால் சூடு ஏறும், உள்பக்க ரப்பர் அரைபட்டு உதிரும், உள்ளே இருக்கும் நூலடுக்கு ரப்பரை விட்டுப் பிரியும். வெடிப்பது ஒரு நொடியில்தான். ஆனால் அதற்கான வேலை எத்தனையோ கிலோமீட்டருக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

நம் பக்கத்துச் சாலைகளில் இதற்கு வசதி அதிகம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை, அப்புறமும் வளைவு குறைந்த, நிழலில்லாத சமவெளி. சித்திரை வெயிலில் தார் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை வந்துவிட்டால் குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் கிளம்பும்.

சென்ற வருடம் அப்படி ஒரு ஏழு சீட் வண்டி கடைக்கு வந்தது. உள்ளே ஆறு பெரியவர்கள், மூன்று குழந்தைகள். மேலே கேரியரில் மூட்டைகள். ஓட்டிவந்த தம்பி, "அண்ணே, டயர் சூடாகிக் காத்து ஏறிப்போச்சு, அஞ்சு பாயிண்ட் எறக்கி விடுங்க" என்றார். மறுத்துவிட்டேன். அவருக்கு முகம் வாடிப்போனது, ஆனாலும் காரணத்தைச் சொன்னதும் கேட்டுக்கொண்டார்.

ஓடி வந்த டயரில் அழுத்தம் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. (அந்தத் தம்பி 'பாயிண்ட்' என்றது இந்தக் காற்றழுத்த அளவைத்தான்) வரை கூடுவது இயல்பு. கம்பெனிக்காரன் அதையும் கணக்கில் வைத்துத்தான் அளவு சொல்லியிருக்கிறான். சூட்டில் இறக்கினால், ஆறிய பிறகு அந்த டயர் தேவைக்குக் கீழே போய்விடும். பாரம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் காற்றை அளக்க வேண்டிய நேரம் காலையில் கிளம்புவதற்கு முன். வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசலில் விடியற்காலையில் அளந்தால் கிடைப்பதுதான் சரியான அளவு. கையில் ஒரு சின்ன கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான்.

எவ்வளவு வைப்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். பல வண்டிகளில் அதில் இரண்டு வரிசை உண்டு. ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது, மற்றொன்று முழுப் பாரத்தோடு போகும்போது. உதாரணமாக, சாதாரண நாளில் பின் டயருக்கு 30 என்றிருந்தால், முழுப் பாரத்துக்கு 36 அல்லது 38 என்றிருக்கலாம். இந்த இரண்டாவது வரிசையைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் பெரிய வருத்தம். வருடம் முழுக்க ஆபீஸ் போய்வரும் அதே காற்றில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து நிரப்புகிறவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு உரியது ஸ்டிக்கரில் இருப்பதுதான்.

சரி, பாரத்துக்கு வருவோம். அந்தத் தம்பியிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டியின் வெறும் எடை 1180 கிலோ, அனுமதித்த மொத்த எடை 1740. மீதி 560 கிலோதான் ஆளுக்கும் சாமானுக்கும். ஆறு பெரியவர்கள் 390, குழந்தைகள் 90, மேல் மூட்டைகள் 70. இதற்கே 550 ஆகிவிட்டது. திரும்பும்போது தீர்த்தம் பிடித்த ஐந்து லிட்டர் கேன் எட்டு என்றால் 40 கிலோ. கருவாடும் கருப்பட்டியும் ஒரு 20 கிலோ. மொத்தம் 610. ஐம்பது கிலோ கூடுதல், அதில் பெரும்பகுதி பின் டயர்களின் தலையில். சீட் இருக்கிறதே, டிக்கியில் இடம் இருக்கிறதே என்று பார்க்கிறோம். இடம் வேறு, எடை வேறு. இந்த எண்கள் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கும்; அது பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

கூரையில் ஏற்றிய மூட்டை பாம்பன் பாலத்தில் இன்னொரு தொல்லை. 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இரு பக்கமும் கடல், வீசும் காற்றைத் தடுப்பதற்கு எதுவும் கிடையாது. பக்கக்காற்று உயரமான மூட்டையைத் தள்ளும்போது காற்று குறைந்த பின் டயர் நெளியும், ஸ்டியரிங் இழுக்கும். அங்கே மெதுவாகப் போங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள். ட்யூப்லெஸ் டயரில் ஏறி உள்ளேயே முறிந்துகொள்ளும், வெளியே தெரியாது. சத்தமில்லாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கசியும். நான்கு டயரில் ஒன்று மட்டும் அடிக்கடி குறைந்தால் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றும் அதே வேலையைச் செய்யும். ரிம்மில் டயர் அமரும் விளிம்பு துருப்பிடித்தால் அந்த இடுக்கு வழியாகக் கசியும். வால்வு மூடி இல்லாத வண்டிகளைப் பார்த்தால் நானே ஒன்றை மாட்டிவிடுகிறேன்.

தனுஷ்கோடியில் 2017-ல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்துவிட்டது. இருந்தாலும் படம் எடுக்க மணலில் இறக்கிச் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வெளியே எடுக்க டயரில் காற்றை இறக்கச் சொல்வார்கள். அது சரியான வழிதான். ஆனால் அதே டயரோடு ராமநாதபுரம் வரை ஓட்டி வந்துவிடக் கூடாது. காற்று பிடிக்கும் இடம் வரை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தே போங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. சில வண்டிகளில் அது அடியில் தொங்கும். இறக்கும் திருகு உப்பில் இறுகிப்போய், நடுவழியில் அசையாமல் நின்றவர்களுக்கு நானே போய் அறுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ராமேஸ்வரம் போய்வந்ததும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் திருகை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், ஸ்டெப்னியின் காற்றையும் அன்றைக்கே அளந்துவிடலாம்.