டோபின் வரி: தமிழில் என்ன சொல்லலாம்?

டாலரைக் கொடுத்து யூரோ வாங்கினாலும், யூரோவைக் கொடுத்து யென் வாங்கினாலும், ஒவ்வொரு மாற்றின்போதும் ஒரு சிறு விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வது டோபின் வரி. அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1972இல் சொன்ன யோசனை, பெயரும் அவருடையதே. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கா, குறித்த விலையில் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தி, டாலரைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தது. ஊகப் பணம், அதாவது விலை ஏற்ற இறக்கத்தை ஊகித்து விரைவில் லாபம் தேடும் பணம், நாடு விட்டு நாடு பாயும் வேகத்தைக் குறைக்க, சக்கரத்தில் கொஞ்சம் மணல் போடலாம் என்றார் அவர்.

மணல் வேலை செய்யும் விதம் எளிது. விகிதம் 0.1% என்று வையுங்கள். போக ஒருமுறை, திரும்ப ஒருமுறை: மொத்தம் 0.2%. பத்தாண்டுக்குத் தொழிற்சாலையில் முதலீடு செய்பவருக்கு இது ஆண்டுக்கு 0.02%தான், உறைக்காது. வாரந்தோறும் போய்த் திரும்பும் பணத்துக்கோ 52 முறை, ஆண்டுக்கு 10.4%. ஊக லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

சொல்லில் சிக்கல் பிறகு வந்தது: ஒரே பெயர் இரண்டு நோக்கங்களுக்குப் பயன்பட்டது. 1998இல் பிரான்சில் தொடங்கிய அட்டாக் இயக்கம், இந்த வரியை ஏழை நாடுகளுக்கான நிதி ஊற்றாக முன்னிறுத்தியது. டோபினுக்கோ வருவாய் ஒரு உபரிப் பலன் மட்டுமே. தன் பெயரை அவர்கள் பயன்படுத்துவதை அவர் ரசிக்கவில்லை. இரண்டு நோக்கங்களும் ஒன்றையொன்று அரிப்பவை: ஊகம் அடங்கினால் வசூலும் அடங்கும். ஏழை நாடுகளுக்கான நிதிக்கு இதை நம்பித் திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது, வரியை எதன்மேல் விதிப்பது என்பது. 1984இல் சுவீடன் பங்கு வணிகத்துக்கு வரி போட்டது, 1986இல் இரட்டிப்பாக்கியது. வரி உள்நாட்டுத் தரகர் வழி நடக்கும் வணிகத்தில் மட்டும் விழுந்ததால், வணிகம் லண்டனுக்குப் போய்விட்டது. 1991இல் வரியையே கைவிட்டார்கள். பிரிட்டனின் 0.5% முத்திரைத் தீர்வையோ பிரிட்டிஷ் நிறுவனப் பங்கின் உரிமை மாறுவதில் விழுகிறது. வாங்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும் கட்டியாக வேண்டும், அதனால் நிற்கிறது.

இவை பங்கு வரிகள், டோபின் வரி அல்ல. இந்தியாவில் 2004 அக்டோபர் முதல் பிடிக்கப்படும் பங்குப் பரிவர்த்தனை வரியும் அப்படியே. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘நிதிப் பரிவர்த்தனை வரி’ இருக்கிறது. அதன் ஒரு கிளைதான் டோபினுடையது.

தமிழில் பழைய சொல் ஒன்று அழகாகப் பொருந்துகிறது: உல்கு. ‘உல்கு பொருள்’ என்கிறது குறள் 756. கலத்திலும் (கப்பலிலும்) காலிலும் (தரைவழியிலும்) வரும் பண்டங்களுக்கான இறை (வரி) என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. எல்லை தாண்டும் பொருளுக்கான வரி என்பதால் எல்லை தாண்டும் பணத்துக்கும் ‘நாணயமாற்று உல்கு’ எனலாம். ஆனால் செய்தியில் எழுதினால் பாதிப் பேர் அகராதி தேடுவார்கள். ‘நாணயமாற்று வரி’ போதும். முதல்முறை வரும்போது டோபின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.